"சாமுராய் பட்டம்" வாங்கிய மாஸ்டர்: நம்பலாமா, எப்படிச் சரிபார்ப்பது?

கேள்வி: எங்கள் ஊரில் கராத்தே சொல்லித்தரும் மாஸ்டர் ஒருவர், ஜப்பானில் ஒரு பழைய குடும்பம் தன்னைத் தத்தெடுத்து "சாமுராய் பட்டம்" கொடுத்ததாக பேனர் வைத்திருக்கிறார். சுவர் முழுக்க ஜப்பானிய மொழிச் சான்றிதழ்கள். ஏழெட்டுக் கலைகளில் 10-வது டான், அதாவது கறுப்பு பெல்ட்டிலேயே மிக உயர்ந்த படி, என்கிறார். கராத்தே படிக்கும் என் மகனைத் தன்னுடைய வாள் வகுப்பிலும் சேர்க்கச் சொல்கிறார், கட்டணம் அதிகம். இவர் சொல்வது உண்மையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்:

நேராகவே சொல்லிவிடுகிறேன். சாமுராய் பட்டம் என்று ஒன்றை இன்று யாராலும் கொடுக்க முடியாது. ஜப்பான் அரசாலும் முடியாது, பேரரசராலும் முடியாது, எந்தப் பழைய குடும்பத்தாலும் பயிற்சிக்கூடத்தாலும் முடியாது. ஆகவே அந்த பேனரில் இருக்கும் அந்த ஒரு வரி பொய். அவர் தெரிந்தே பொய் சொல்கிறாரா, இல்லை அவரிடமே யாராவது பணம் வாங்கிக்கொண்டு ஒரு காகிதத்தை நீட்டினார்களா என்பதுதான் மிச்சக் கேள்வி. இரண்டாவதும் நிறைய நடக்கிறது.

ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், சாமுராய் என்பது சண்டைத் திறமைக்குக் கொடுத்த விருதே கிடையாது. அது ஒரு சமூக வகுப்பு, கூடவே ஒரு வேலை. டைம்யோ என்ற பிரபுவுக்கோ, நாட்டை ஆண்ட ராணுவத் தலைவரான ஷோகனுக்கோ பரம்பரையாகச் சேவகம் செய்து, அதற்கு அரிசிக் கணக்கில் சம்பளம் வாங்கியவர்கள் அவர்கள். சம்பளத்தைக் கொக்கு என்ற ஜப்பானிய அளவையில் கணக்கிட்டார்கள். ஒரு கொக்கு சுமார் 180 லிட்டர் அரிசி, ஒரு ஆள் ஒரு வருடம் சாப்பிடப் போதும் என்று கணக்கு. 1603 முதல் 1868 வரையான தொக்குகாவா காலத்தில் பெரிய போர்கள் அநேகமாக நின்றுபோய்விட்டன. குடும்பத்தினரையும் சேர்த்து மக்கள்தொகையில் 5, 6 சதவீதம் இருந்த இந்த வகுப்பில் பெரும்பாலானோர் களஞ்சியக் கணக்கு, வரி வசூல், காவல், கோட்டைப் பராமரிப்பு என்று அலுவலக வேலைதான் பார்த்தார்கள்.

வாள்வீச்சில் சூரராக இருந்தால் மட்டும் ஒருவர் சாமுராய் ஆகிவிட முடியாது. கோண்டோ இசாமி என்ற புகழ்பெற்ற வாள்வீரரை எடுத்துக்கொள்ளுங்கள். தாமா பகுதியில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். தென்னென் ரிஷின் ரியூ என்ற வாள் பள்ளியின் குடும்பம் அவரைத் தத்தெடுத்தது, அந்தப் பள்ளிக்கே தலைவரானார். கியோட்டோவில் ஷின்செங்குமி படைக்குத் தலைமை தாங்கினார். இத்தனைக்குப் பிறகும், 1867-ல் ஷோகன் அரசு அவரை நேரடிச் சேவகராக ஏற்றுக்கொண்டபோதுதான் அந்த அந்தஸ்து முறைப்படி கிடைத்தது. வாள் பள்ளி கொடுத்தது திறமையும் உரிமமும். அந்தஸ்தைக் கொடுத்தது எஜமான்.

அடுத்த ஆண்டே ஷோகன் ஆட்சி முடிந்தது. 1869-ல் பிரபுக்கள் தங்கள் நிலங்களைப் பேரரசரிடம் ஒப்படைத்தார்கள், சாமுராய்களுக்கு "ஷிசோகு" என்று புதுப் பெயர் வைத்தார்கள். 1871-ல் பிரபுக்களின் ஆட்சிப் பகுதிகளையே கலைத்துவிட்டார்கள். 1873-ல் கட்டாய ராணுவச் சேவை வந்து, ஆயுதம் ஏந்துவது ஒரு வகுப்பின் உரிமை என்ற நிலை போனது. 1876-ல் வாளோடு வெளியே நடமாடத் தடை. அதே ஆண்டு பரம்பரைச் சம்பளத்தையும் கடன் பத்திரமாக மாற்றி முடித்துவிட்டார்கள். 1877-ல் சாய்கோ தக்காமோரி தலைமையில் தெற்கே சட்சுமா என்ற பகுதியில் சாமுராய்கள் நடத்திய கிளர்ச்சி தோற்றது. அதன் பிறகு "ஷிசோகு" என்பது குடும்பப் பதிவேட்டில் ஒரு சொல்லாக மட்டும் இருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்த அரசியலமைப்போடு அதுவும் போய்விட்டது.

உங்கள் மாஸ்டர் சொல்லும் தத்தெடுப்புக் கதையைக் கொஞ்சம் தனியாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அதில் பாதி உண்மை கலந்திருக்கிறது. ஜப்பானில் வளர்ந்த ஆளைத் தத்தெடுப்பது பழைய வழக்கம், இன்றைக்கும் சட்டப்படி செல்லும். வாரிசு இல்லாத கடைகள், பட்டறைகள், கலைக் குடும்பங்கள் அப்படித்தான் பெயரைக் காப்பாற்றி வந்தன. ஆனால் இன்று ஒருவரைத் தத்தெடுத்தால் அவருக்குக் கிடைப்பது குடும்பப் பெயரும் சொத்துரிமையும்தான். எந்த வகுப்பு அந்தஸ்தும் கூட வராது. அந்தக் குடும்பத்துக்கே அது இல்லாதபோது எப்படி வரும்? 1872-ல் எடுத்த பழைய குடும்பப் பதிவேட்டில் யார் எந்த வகுப்பு என்ற குறிப்பு உண்டு. அதை வைத்துப் பாகுபாடு காட்டுகிறார்கள் என்பதால் 1968-ல் அதை யாரும் பார்க்க முடியாதபடி மூடி வைத்துவிட்டார்கள். எனவே "அரசு ஆவணப்படி இவர் சாமுராய்" என்று எவராவது காகிதம் காட்டினால், அப்படியொரு காகிதத்தை வழங்கும் அலுவலகமே ஜப்பானில் கிடையாது.

வெளிநாட்டவர் யாரும் சாமுராய் ஆனதில்லையா என்று கேட்பார்கள். வில்லியம் ஆடம்ஸ் என்ற ஆங்கிலேய மாலுமி 1600-ல் ஜப்பானில் கரை ஒதுங்கினார். பிறகு ஷோகனான தொக்குகாவா இயேயாசு அவரைத் தன் சேவகராக்கி, ஹெமி என்ற இடத்தில் நிலம் கொடுத்தார். அதற்கும் முன்னால் யாசுகே என்ற ஆப்பிரிக்கர் 1581, 82-ல் ஓடா நோபுநாகா என்ற பிரபுவிடம் இருந்தார்; அவருக்குச் சம்பளமும் வீடும் குறுவாளும் கிடைத்தன, அவரை என்ன பெயரிட்டு அழைப்பது என்று இன்றும் விவாதம் நடக்கிறது. இந்த இருவருக்கும் உயிரோடு ஒரு எஜமான் இருந்தார், நிலமோ சம்பளமோ இருந்தது. உங்கள் மாஸ்டரிடம் கேட்க வேண்டியது இதைத்தான்: எந்தப் பிரபுவிடம் சேவகம்? எத்தனை கொக்கு சம்பளம்?

சாமுராய்களின் சந்ததியினர் ஜப்பானில் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். வங்கியிலும் பள்ளிக்கூடத்திலும் வேலை பார்க்கிறார்கள். பேச்சு வந்தால் "எங்கள் முன்னோர் இன்ன பிரபுவிடம் இருந்தார்கள்" என்று ஊர் பெயரோடு சொல்வார்கள். அதைச் சரிபார்க்கவும் வழி உண்டு. பல பிரபுக்களின் சேவகர் பட்டியல்கள், யாருக்கு எவ்வளவு சம்பளம் என்ற விவரத்தோடு, அந்தந்த ஊர் நூலகங்களிலும் ஆவணக் காப்பகங்களிலும் இருக்கின்றன. அப்படிப்பட்ட வீட்டில் பிறந்தவர்கள்கூட "நான் சாமுராய்" என்று விசிட்டிங் கார்டு அடித்துக்கொள்வதில்லை.

சரி, அப்படியானால் அந்தக் காலத்துக் கலைகள் எதுவும் மிச்சமில்லையா? இருக்கின்றன, எனக்கு இதில் அக்கறையே அவற்றால்தான். கொரியூ என்று சொல்லும் பழைய பள்ளிகள், 1868-க்கு முன்பே தோன்றி, குருவிடமிருந்து சீடருக்கு அறுபடாமல் வந்தவை. சிபா மாகாணத்தில் கட்டோரி கோயிலோடு தொடர்புடைய தென்ஷின் ஷோடென் கட்டோரி ஷிந்தோ ரியூ 15-ம் நூற்றாண்டில் ஈசாசா சோய்சாய் என்பவர் தொடங்கியது. அந்த மாகாணம் 1960-ல் அதைக் கலாச்சாரச் சொத்தாக அறிவித்தது. தக்கேனோஉச்சி ரியூ 1532-ல் தொடங்கியதாக அந்தப் பள்ளியின் மரபு சொல்கிறது. யாக்யூ ஷின்காகே ரியூ, ஓனோ-ஹா இத்தோ ரியூ, மனிவா நென் ரியூ என்று இன்னும் பல உண்டு. இவற்றில் வெளிநாட்டவரும் சேர்ந்து படிக்கிறார்கள். கட்டோரி பள்ளியில் முதன்முதலில் சேர்ந்த வெளிநாட்டவர் டான் டிரேகர் என்ற அமெரிக்கர். உண்மையான பாதை திறந்துதான் இருக்கிறது. அதனால்தான் பொய்யான பாதைக்குக் கட்டணம் வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

உண்மையான பள்ளிக்கு இரண்டு பக்கமும் தடயம் இருக்கும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சீடனிடம் சான்றிதழ் இருந்தால் குருவிடம் பதிவு இருக்கும். இதற்கு எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் தாக்கேதா சோக்காகு, 1859-ல் அய்சுவில் பிறந்து 1943-ல் இறந்த, தைத்தோ ரியூ என்ற தற்காப்புக் கலையின் ஆசிரியர். ஊர் ஊராகப் போய்க் கற்றுக்கொடுத்தவர், சொந்தமாக நிரந்தரக் கூடம் வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் போன இடமெல்லாம் பதிவேடுகளைக் கையோடு கொண்டுபோனார். யார் படித்தார்கள், எந்த ஊரில், எந்தத் தேதியில், எவ்வளவு கட்டணம் என்று எழுதச் சொல்லி, மாணவரின் முத்திரையையும் வாங்கிக்கொண்டார். பிறகு ஐக்கிடோவை உருவாக்கிய உஎஷிபா மோரிஹெய் 1915-ல் ஹொக்கைடோவில் அவரிடம் சேர்ந்து படித்ததற்கும் அந்தப் பதிவேடுகளே சாட்சி. நாடோடியாகத் திரிந்த ஒரு மனிதரே இத்தனை கணக்கு வைத்திருந்தார் என்றால், "என் குரு எதையும் எழுதி வைக்க மாட்டார்" என்ற சமாளிப்பை எப்படி ஏற்பது?

இனி உங்கள் மாஸ்டரின் 10-வது டானுக்கு வருகிறேன். டான் என்ற படிநிலை சாமுராய் காலத்தது அல்ல. கானோ ஜிகோரோ 1882-ல் கோடோகன் என்ற ஜூடோ பள்ளியைத் தொடங்கி, 1883-ல் தன் மாணவர்களுக்கு முதல் டான் கொடுத்தார். மற்றக் கலைகள் அப்புறம்தான் அதை எடுத்துக்கொண்டன. பழைய பள்ளிகளில் இருந்தது மொக்குரோக்கு, மென்கியோ, மென்கியோ கைடென் போன்ற உரிமங்கள். டானும் கிடையாது, கலர் பெல்ட்டும் கிடையாது. ஆகவே "சாமுராய் வாள்கலையில் 10-வது டான்" என்ற வரியிலேயே இரண்டு வெவ்வேறு காலங்கள் முட்டிக்கொள்கின்றன.

கராத்தேக்கும் சாமுராய்க்கும்கூட நேரடித் தொடர்பு இல்லை. கராத்தே வளர்ந்தது ஒகினாவாவில், அது அப்போது ரியூக்கியூ என்ற தனி அரசு. 1609-ல் சட்சுமா சாமுராய்கள் படையெடுத்து அந்த அரசைத் தங்களுக்குக் கீழ்ப்படிய வைத்தார்கள். 1879-ல்தான் அது ஜப்பானின் மாகாணமானது. ஃபுனகோஷி கிச்சின் 1922-ல் டோக்கியோவில் செய்து காட்டிய பிறகே ஜப்பான் முழுக்க கராத்தே பரவியது. "சாமுராய்களின் போர்க்கலையான கராத்தே" என்று ஒருவர் சொன்னால், தான் சொல்லித்தரும் கலையின் வரலாறே அவருக்குத் தெரியவில்லை.

எண்ணிக்கையும் சேர்த்துப் பாருங்கள். கெண்டோ என்ற மூங்கில் வாள் கலைக்கான அகில ஜப்பான் கூட்டமைப்பின் விதிப்படி ஒவ்வொரு டானுக்கும் இடையே கட்டாயக் காத்திருப்பு உண்டு. இரண்டாவதுக்கு 1 வருடம், மூன்றாவதுக்கு 2 வருடம் என்று கூடிக்கொண்டே போய், 7-வதிலிருந்து 8-வதுக்கு மட்டும் 10 வருடம். மொத்தம் 31 வருடம், அதுவும் எல்லாத் தேர்விலும் முதல் முறையே தேறினால். 8-வது டான் எழுத 46 வயது ஆகியிருக்க வேண்டும், தேறுவது நூற்றுக்கு ஒருவர் அளவில்தான். அதற்கு மேல் அங்கே இப்போது டானே கொடுப்பதில்லை. கோடோகன் 2006 வரை 10-வது டான் கொடுத்தது மொத்தம் 15 பேருக்கு. ஒரு கலைக்கே இந்தக் கணக்கு என்றால் ஏழெட்டுக் கலைகளுக்கு ஒரு மனிதனின் ஆயுள் போதாது.

அப்படியானால் அந்தக் காகிதங்கள் எங்கிருந்து வருகின்றன? பெரும்பாலும் "உலக", "சர்வதேச" என்று பெயர் வைத்த தபால்பெட்டி அமைப்புகளிடமிருந்து. நான் உனக்கு கிராண்ட் மாஸ்டர், நீ எனக்குப் பள்ளித் தலைவர் என்று ஒருவருக்கொருவர் வழங்கிக்கொள்கிறார்கள், கட்டணம் மட்டும் ஒழுங்காகக் கைமாறுகிறது. இன்னும் சில, சுற்றுலாப் பயணிகளுக்கான "சாமுராய் அனுபவம்" வகுப்பில் கிடைத்தவை. ஜப்பானில் ஒரு மணி நேரம் ஹகாமா என்ற அகலமான மரபு உடையைக் கட்டிவிட்டு, வாள் பிடிக்கச் சொல்லிக்கொடுத்து, படம் எடுத்து, சில இடங்களில் ஒரு சான்றிதழும் தருவார்கள். அங்கே அது ஒரு நினைவுப்பொருள். இங்கே வந்து ஃபிரேம் போட்டதும் பட்டமாகிவிடுகிறது.

சான்றிதழைப் படிப்பது நீங்கள் நினைப்பதைவிடச் சுலபம். ஃபோனில் இருக்கும் மொழிபெயர்ப்பு கேமராவை அதன்மேல் காட்டினால் போதும். ஒரு மாணவரின் அப்பா இப்படித்தான் ஒரு பெரிய தங்க ஃபிரேம் சான்றிதழின் படத்தை எனக்கு அனுப்பினார். "சாமுராய் வாள்வித்தையில் முழுத் தேர்ச்சி" என்று மாஸ்டர் சொல்லியிருந்தாராம். வலமிருந்து இடமாகப் படித்துப் பார்த்தால், ஒரு சிறு நகரத்தின் விளையாட்டுச் சங்கம், நட்புப் போட்டிக்கு வந்து கலந்துகொண்டதற்கு நன்றி தெரிவித்த கடிதம் அது. வாள் என்ற பேச்சே அதில் இல்லை. பொய்யான காகிதம்கூட இல்லை அது. சங்கத்தார் மரியாதையாகக் கொடுத்ததை இங்கே வேறொன்றாகச் சொல்லியிருக்கிறார்கள்.

பழைய பள்ளியின் உரிமம் பெரும்பாலும் சுருள் வடிவில், தூரிகையால் மேலிருந்து கீழாக எழுதியிருக்கும். கற்ற நுட்பங்களின் பெயர்கள், குரு பரம்பரை, வழங்கியவர் பெயர், அவருடைய சிவப்பு முத்திரை, பெறுபவர் பெயர், ஷோவா, ஹெய்செய் போன்ற பேரரசர் காலத்தின் இத்தனாவது ஆண்டு என்று ஜப்பானிய ஆண்டுக் கணக்கில் தேதி, இவையெல்லாம் இருக்கும். கம்ப்யூட்டர் எழுத்துருவில் அச்சடித்து, மூலையில் டிராகன் படமும் போர்க்கவசப் படமும் போட்டு, "கிராண்ட் மாஸ்டர்" என்று ஆங்கிலத்தில் பெரிதாக இருந்தால் சந்தேகப்படுங்கள். இன்னொரு அடையாளம், ஜப்பானியச் சான்றிதழில் இன்றைய சீனாவின் சுருக்க எழுத்துகள் வருவது. வாள் என்ற எழுத்தே இரண்டு நாட்டிலும் இன்று வேறு வேறு மாதிரி எழுதப்படுகிறது. தப்பான ஊரில் அச்சடித்தது அங்கேயே தெரிந்துவிடும்.

வாளைக் கையில் எடுக்கும்போதும் பார்க்க நிறைய இருக்கிறது. முதலில் சட்டை: இடது மடிப்பு வலது மடிப்பின் மேல் வர வேண்டும். மாற்றிக் கட்டுவது ஜப்பானில் பிணத்துக்கு மட்டும். இதை முதல் நாளே சொல்லித்தருவார்கள். கட்டானா என்ற நீண்ட வாளை இடது இடுப்பில், கச்சைக்குள், வெட்டும் பக்கம் மேல்நோக்கி இருக்கும்படி செருகுவார்கள். சினிமாவில் வருகிற மாதிரி முதுகில் மாட்டுவது எந்த வாள் பள்ளியின் பயிற்சியிலும் இல்லை. உருவும்போது வலது கையைவிட இடது கையைக் கவனியுங்கள். பயின்றவர் உறையைப் பின்னால் இழுத்துக்கொண்டே உருவுவார், வாள் சத்தமில்லாமல் வெளியே வரும். பயிலாதவர் உறையை அசைக்காமல் வாளை மட்டும் பிடுங்குவார், உறை கீறும் ஓசை கேட்கும்.

இவை மரபுப் பிழைகள் மட்டும்தானே என்று விட்டுவிட முடியாத விஷயம் ஒன்று உண்டு. வாளின் அலகு பிடிக்குள் நிற்பது மெகுகி என்ற சிறிய மூங்கில் ஆணியால். ஒழுங்காகப் படித்தவர் ஒவ்வொரு முறையும் பயிற்சிக்கு முன் கட்டைவிரலால் அதை அழுத்திப் பார்ப்பார். ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த செயல்விளக்கத்தை முன்வரிசையிலிருந்து பார்த்திருக்கிறேன். சீடப் பையனைத் தரையில் படுக்க வைத்து, வயிற்றின் மேல் தர்பூசணி வைத்து, மாஸ்டர் கண்ணைக் கட்டிக்கொண்டு வெட்டினார். கையில் இருந்தது அலங்காரத்துக்கு விற்கும் பளபளப்பான ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாள். அவர் ஓங்கும்போதெல்லாம் கைப்பிடிக்கும் அலகுக்கும் நடுவே கடகடவென்று ஆடும் சத்தம் எனக்குக் கேட்டது. கூட்டம் கைதட்டியது. பையனின் அம்மா அங்கேயே உட்கார்ந்திருந்தார். அந்த ரக வாள்கள் பலவற்றில் பிடிக்குள் போவது பற்றவைத்த ஒரு மெல்லிய கம்பி மட்டுமே. வேகமாக வீசினால் அலகு கழன்று பறக்கும். ஜப்பானில் தொடக்கக்காரர்களுக்கு மரவாளோ, கூர் தீட்டாத உலோகக்கலவை வாளோதான் கொடுப்பார்கள். பழைய பள்ளிகளில் இருவர் சேர்ந்து செய்யும் பயிற்சி பெரும்பாலும் மரவாளில்தான். உங்கள் மகன் கையில் முதல் மாதமே கூர் வாள் வருகிறது என்றால் வேறு எதையும் ஆராய வேண்டாம், கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

கதைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கேட்டால் வரும் பதில் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும்: குரு மலையில் தனியாக வாழ்ந்தார், பள்ளி ரகசியமானது, சுருள்கள் போரில் எரிந்துவிட்டன, குருவும் இறந்துவிட்டார். இது எடுபடுவதற்குக் காரணம், நிஜமாகவே நிறைய எரிந்ததுதான். 1945 மார்ச்சில் டோக்கியோவில் விழுந்த குண்டுகளிலும், அதே ஆண்டு ஒகினாவா போரிலும் மனிதர்களோடு ஆவணங்களும் அழிந்தன. ஆனால் காகிதம் எரிந்தாலும் குருவின் மற்ற மாணவர்கள் இருப்பார்கள், ஊர் வரலாற்றில் குறிப்பு இருக்கும், குடும்பக் கல்லறை இருக்கும். குருவுக்கு ஒரே ஒரு சீடன், அந்தச் சீடன் உங்கள் மாஸ்டர், வேறு சாட்சி யாருமே இல்லை என்றால் அந்தக் குருவே இருந்திருக்க மாட்டார்.

நம் ஊரில் இதோடு போதிதர்மரும் சேர்ந்துகொள்வார். காஞ்சிபுரத்திலிருந்து ஷாவோலின், ஷாவோலினிலிருந்து ஜப்பான், அங்கிருந்து சாமுராய், கடைசியில் நம் மாஸ்டர் என்று ஒரு கோடு போடுவார்கள். போதிதர்மர் மேல் எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் அவரை உடற்பயிற்சி, சண்டைக் கலைகளோடு இணைக்கும் மிகப் பழைய நூல் 1624-ஐச் சேர்ந்தது. அதன் முன்னுரை ஒன்றில் 628 என்று போலியாகத் தேதி போட்டிருக்கிறார்கள். அவர் வாழ்ந்த காலத்துக்கும் அந்த நூலுக்கும் இடையே ஆயிரம் வருடத்துக்கு மேல் இடைவெளி. ஜப்பானிய வாள் பள்ளிகளின் குரு பரம்பரைப் பட்டியல்களில் தொடக்கத்தில் பெரும்பாலும் நிற்பது ஒரு ஜப்பானிய வீரரின் பெயரும், அவருக்கு அருள் தந்த அங்குள்ள தெய்வத்தின் பெயரும்தான்.

இதையெல்லாம்விட விரைவாக ஒருவரை எடைபோட வேண்டும் என்றால், பணிவாகக் கேட்டுப் பாருங்கள். "மாஸ்டர், உங்க குரு பேரு என்ன? எந்த ஊர்ல எந்தப் பள்ளி? அவங்களுக்கு நான் ஒரு மெயில் போடலாமா?" என்று கேட்டால் போதும். ஒழுங்காகப் படித்தவருக்குத் தன் குருவைப் பற்றிப் பேசுவதைவிடப் பிடித்தது எதுவும் இல்லை. பெயர், ஊர், கூடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ரயில் நிலையம் வரை சொல்லுவார், முகவரியையும் எழுதிக் கொடுப்பார். மற்றவர் கோபப்படுவார். "குருவையே சந்தேகப்படறியா" என்பார். மாதா பிதா குரு தெய்வம் என்று வளர்ந்த நமக்கு அந்த வார்த்தை வாயை அடைத்துவிடும், அது அவர்களுக்கும் தெரியும். பிள்ளைகளிடம் "இங்கே நடப்பதை வீட்டில் சொல்லக் கூடாது, இது சாமுராய் விதி" என்று சொல்வதாகத் தெரிந்தால், அதைப் பட்டப் பிரச்சினையாக மட்டும் பார்க்காதீர்கள். பெற்றோரிடம் மறைக்கச் சொல்லும் எந்த வகுப்பும் பிள்ளைக்குப் பாதுகாப்பான இடம் இல்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு அவருடைய கராத்தே வகுப்பை என்ன செய்வது? பேனரில் பொய் எழுதியவர் உதைக்கவும் தடுக்கவும் நன்றாகவே சொல்லித்தரக்கூடும். அப்படிச் சிலரைப் பார்த்திருக்கிறேன். உங்கள் மகன் அங்கே நன்றாகப் பழகி, அடிபடாமல், சந்தோஷமாக இருந்தால் கராத்தேயை உடனே நிறுத்த வேண்டியதில்லை என்பது என் கருத்து. ஆனால் வாள் வகுப்பில் சேர்க்காதீர்கள், பெல்ட் தேர்வுக்கு மேல் "சர்வதேசச் சான்றிதழ்" என்று தனியாகக் கேட்கும் பணத்தையும் கொடுக்காதீர்கள். நம் ஆயுதச் சட்ட விதிகளின் பட்டியலில் 9 அங்குலத்தைவிட நீளமான அலகுள்ள வாளும் வருகிறது. அதைப் பையனிடம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினால் நாளைக்கு பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

சரிபார்க்க வேண்டும் என்று முடிவு செய்தால், முதலில் சான்றிதழ்களைத் தெளிவாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளியின் பெயரையும் குருவின் பெயரையும் ஜப்பானிய எழுத்திலேயே வாங்குங்கள், ஆங்கில எழுத்தில் இருந்தால் தேடிக் கண்டுபிடிப்பது கஷ்டம். நிஹோன் கோபுடோ கியோகாய், நிஹோன் கோபுடோ ஷின்கோகாய் என்று பழைய கலைகளுக்கான இரண்டு அமைப்புகள் ஜப்பானில் இருக்கின்றன. முந்தையது 1979-ல், பிந்தையது 1935-ல் தொடங்கியது. உண்மையான பள்ளிகள் எல்லாமே இவற்றில் உறுப்பினர் அல்ல, ஆனாலும் அந்தப் பள்ளியைக் கேள்விப்பட்டிருக்கிறார்களா என்று விசாரிக்க இவையே நல்ல இடம். கெண்டோ, இயாய்டோ (வாள் உருவும் கலை), ஜூடோ, ஐக்கிடோ டான் என்றால் வழங்கிய அமைப்பில் பதிவு இருக்கும், சான்றிதழ் எண்ணை வைத்துக் கேட்கலாம்.

கடிதம் சிறியதாக, மரியாதையாக இருக்கட்டும். குற்றச்சாட்டு எதுவும் வேண்டாம். "இந்தியாவில் என் மகன் இன்னாரிடம் பயில்கிறான், அவர் உங்கள் பள்ளியில் இன்ன ஆண்டு இன்ன ஆசிரியரிடம் உரிமம் பெற்றதாகச் சொல்கிறார், உங்கள் பதிவில் அவர் இருக்கிறாரா, வெளிநாட்டில் கற்பிக்க அவருக்கு அனுமதி உண்டா" என்று கேட்டு, படத்தை இணையுங்கள். ஜப்பானிய மொழியிலும் ஒரு பிரதி வைத்தால் பதில் வர வாய்ப்பு அதிகம். ஜப்பானிய மொழி படித்தவர்கள் இப்போது சென்னையிலும் கோவையிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள், ஒரு பக்கம் எழுதித்தரத் தயங்க மாட்டார்கள். பதில் வரும்வரை மாஸ்டரிடம் முன்பணம் எதுவும் கட்ட வேண்டாம். வந்த பதிலை அந்த வகுப்பில் பிள்ளைகளைச் சேர்த்திருக்கும் மற்றப் பெற்றோருக்கும் காட்டுங்கள்.